தீர்ப்புக் கூறும் கண்கள்

மனிதரை உடையையும் உடலையும் கொண்டு அளவிடும் வழக்கம் நம்மிடையே புதிதன்று. ஆயின், அவ்வழக்கம் கைக்குழந்தையுடன் வரும் இளந்தாயொருத்தியின்மீது பாயும்பொழுது, அது வெறும் பண்புக் குறைவாக நின்றுவிடுவதில்லை. ஒரு வர்க்கம் மற்றொரு வர்க்கத்துக்கு வழங்கும் தீர்ப்பாகிறது.

பூனாகலையிலிருந்து பண்டாரவளைக்குச் செல்லும் பஸ்ஸில் நாம் கண்டதைச் சொல்வோம். மெலிந்து, உயரம் குன்றிய பெண்ணொருத்தி குழந்தையை மார்போடணைத்தபடி நின்றாள். அருகே கணவன், தலைமயிரில் செம்பட்டைச் சாயம், கையில் தொலைபேசி. இருக்கையிலிருந்த அம்மையார் ஒருவர், "ஏன் பிள்ளை, இது உன் தம்பியா?" என்று வினவினார். "இல்லீங்கம்மா, ஏம் மகன்தாங்க" என்றாள் அவள். அம்மையார் அவளைத் தலைமுதல் கால்வரை ஒருமுறை பார்த்தார். பின்னர் பக்கத்திலிருந்தவரிடம், "போன் வாங்கக் காசிருக்கு, பிள்ளைக்கு ஒரு தொப்பி வாங்க இல்லை" என்றார். பலர் தலையசைத்தனர். எழுந்து இடங்கொடுத்தவர் எவருமில்லை. நாமும் வாய் திறக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

இறங்கிய பின்னர்ப் பேச்சுக் கொடுத்தோம். அப்பெண்ணுக்கு வயது 23. கணவன் கொழும்பில் கடைச் சிப்பந்தி. மாதமொருமுறை ஊர் வருபவன். ஏனைய நாள்களில் மகனின் முகத்தை அவன் காண்பது அந்தத் தொலைபேசியில்தான்.

அவ்வாறாயின், அப்பார்வை கண்டது எதனை? 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரமற்றோர் நாடளாவிய நிலையில் நூற்றுக்கு 17 பேர். தோட்டத்துறையிலோ 32 பேர். இன்றைய தாய்மார் நேற்றைய குழந்தைகள் அல்லவா? தாய் கொழுந்துக்குப் போக, பிள்ளை மடுவத்தில் கிடந்து வளர்ந்த உடல் அது. தலைமுறை தலைமுறையாகக் குறைந்த உணவும் குறைந்த கூலியும் அவ்வுடலில் எழுதிவைத்த கணக்கையே, அம்மையார் ஒழுக்கக்கேடு என்று வாசித்தார். சுரண்டலின் தழும்பைச் சுரண்டப்பட்டவளின் குற்றமாக்குவது இதுவே.

இதில் மற்றொரு விந்தையும் உண்டு. அதே பெண் கூடை சுமந்து மலைச்சரிவில் நின்றால், தேயிலைப் பொட்டலத்தில் அவள் படம் அழகு. உல்லாசப் பயணியின் புகைப்படக் கருவிக்கு அவள் காட்சிப்பொருள். கொழுந்துக் கறை படிந்த அதே விரல்கள் பஸ்ஸின் கம்பியைப் பற்றும்பொழுது மட்டும் முகங்கள் சுளிக்கின்றன.

பதினெட்டு வயது நிரம்பாத திருமணங்கள் தோட்டங்களில் இல்லையென்று நாம் வாதிடவில்லை. 1995ஆம் ஆண்டிலேயே பொதுச் சட்டம் திருமண வயதைப் பதினெட்டாக உயர்த்தியது. பாடசாலையை இடையில் விட்ட சிறுமி தாயாகி நிற்பது உண்மையிலேயே கவலைக்குரியது. ஆனால், முறைத்த பார்வை எந்தச் சிறுமியையும் பாடசாலைக்குத் திருப்பி அனுப்பியதில்லை. கிளினிக்குக்கு வரவிருந்தவளை லயத்துக் காம்பராவுக்குள் ஒளித்துவைத்ததே அதன் பயன். கவலை வேறு, இகழ்ச்சி வேறு.

இவ்விகழ்ச்சியின் கொடுமையை 2014 ஒக்டோபர் 29 காட்டியது. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. பாடசாலைக்குச் சென்றமையால் உயிர்தப்பிய பிள்ளைகள் திரும்பியபொழுது பெற்றோர் இல்லை. மண் ஈரம் காயுமுன்பே, "எச்சரித்தும் இவர்கள் ஏன் போகவில்லை?" என்ற கேள்வி எழுந்தது. எங்கே போவார்கள்? 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்கள். சட்டம் அதனை முழுமையாக மீட்டளிக்க 2003 வரை காத்திருந்தவர்கள். தலைமுறைகள் உழைத்த மண்ணில் ஒரு பேர்ச் காணிக்கும் உறுதி பெறாதவர்கள். பிள்ளைமேல் அன்பின்மையால் அன்று, காலடி நிலமின்மையால் அங்கு தங்கினார்கள்.

நம் இலக்கியமும் இதற்குப் புறம்பானதன்று. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' முதலாகத் தோட்டத்துப் பெண்ணைத் துயரத்தின் உருவமாகவே பார்க்கப் பழகினோம். என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' அவளது கைத்திறனையும் தன்மானத்தையும் முன்னிறுத்தியமையாலேயே தனித்து நிற்கிறது. கந்தல் உடுத்தினால் இரங்குகிறோம். நல்ல சேலை உடுத்தினால் ஆடம்பரம் என்கிறோம். முற்போக்காளர் என்று நம்மைச் சொல்லிக்கொள்ளும் நமக்குள்ளும் அந்த அம்மையார் அமர்ந்திருக்கிறார்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. முதலாம் வகுப்புச் சேர்க்கையன்று சாயம் பூசிய தலையோடு ஓர் இளந்தந்தை வாசலில் தயங்கி நிற்பான். அவனை உள்ளே அழைத்து நாற்காலி காட்டி, பிள்ளையைப் பற்றிப் பேசுங்கள். அவன் மீண்டும் வருவானா என்பதும், அப்பிள்ளை பத்தாம் வகுப்பைக் காணுமா என்பதும் பெரும்பாலும் அந்த முதல் வரவேற்பிலேயே தங்கியிருக்கின்றன.

கூலிக்கும் காணிக்குமான போராட்டம் நீண்டது. பஸ்ஸில் எழுந்து இடங்கொடுப்பதற்கோ எந்தச் சட்டத்துக்காகவும் நாம் காத்திருக்க வேண்டியதில்லை.