ஜாய்ஸ் கற்பித்த நடை

இருபதாம் நூற்றாண்டின் புதின இலக்கியத்தை ஆராயப் புகுவோர் எவரும் ஜேம்ஸ் ஜாய்ஸ் என்னும் பெயரைக் கடந்து செல்லுதல் இயலாது. அவரைப் போற்றுவோர் பலர், தூற்றுவோரும் பலர், முற்றப் படித்தோரோ சிலரே. அவருடைய பெரும்படைப்பாகிய 'யுலிசிஸ்' வெளிவந்து நூறாண்டு கடந்துவிட்டது. ஆயினும் இன்றும் புதுமை செய்ய விழையும் இளம் எழுத்தாளர்கள் அவரை நாடிச் செல்கின்றனர். இத்துணை நீண்ட செல்வாக்கிற்கு உரிய காரணம் யாது? இவ்வினாவிற்கு விடை காண்பது தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் பயன் தரும். ஏனெனில், ஓர் ஆசிரியரிடம் கற்க வேண்டியது எது, விட வேண்டியது எது என்று தெளியாதவர் அவருடைய நிழலைப் பின்பற்றி உருவத்தை இழப்பர்.

ஜாய்ஸ் 1882ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் டப்ளினில் பிறந்தார். 1904இல் அயர்லாந்தை விட்டு வெளியேறி, திரியெஸ்ட், சூரிக், பாரிஸ் ஆகிய நகரங்களில் வாழ்ந்து, 1941இல் சூரிக்கில் மறைந்தார். திரியெஸ்டில் ஆங்கிலம் கற்பித்தே பிழைத்தார். உடலால் அயல்நாட்டில் வாழ்ந்தவர், எழுத்தால் டப்ளினை விட்டு ஒருநாளும் அகன்றாரல்லர். 'டப்ளின் மக்கள்' (1914) என்னும் சிறுகதைத் தொகுதி, 'கலைஞனின் இளமைச் சித்திரம்' (1916), 'யுலிசிஸ்' (1922), 'பின்னகன்ஸ் வேக்' (1939) ஆகிய நான்கு நூல்களுக்கும் அந்நகரமே களம்.

ஜாய்ஸ் என்றவுடன் பலர் நினைவிற்கு வருவது 'நனவோடை' உத்தி. மனத்தில் எழும் எண்ணங்களை எழுந்தவாறே எழுதுதல் என்று அதனை விளக்குவர். அதனை அவரே கண்டுபிடித்தார் என்று கருதுவோரும் உளர். அக்கருத்துப் பொருந்தாது. எண்ணங்களின் தொடர்ச்சியை நீரோட்டத்திற்கு ஒப்பிட்டுப் பரப்பியவர் அமெரிக்க உளவியலறிஞர் வில்லியம் ஜேம்ஸ்; அவருடைய நூல் 1890இல் வெளிவந்தது. அத்தொடரை 1918இல் புதினத் திறனாய்விற்குக் கொண்டுவந்தவர் மே சின்கிளேர்; அவர் அதனை வழங்கியது டாரதி ரிச்சர்ட்சனின் புதினங்களைப் பற்றி எழுதுகையில். அகமொழியாகவே ஒரு கதையை நடத்திச் செல்லும் முறையைத் தாம் பிரெஞ்சு எழுத்தாளர் எதுவார் துஜார்தானிடம் கற்றதாக ஜாய்ஸே ஒப்புக்கொண்டார். ஆகவே உத்தி பிறர் தந்தது. அதனைக்கொண்டு அவர் செய்தது யாது என்பதே நாம் காண வேண்டுவது.

ஒரு சிறு சான்று காண்போம். 'கலைஞனின் இளமைச் சித்திர'த்தில் சார்லஸ் மாமா என்னும் முதியவர் வருகிறார். அவர் புகைக்கும் புகையிலையின் நாற்றம் வீட்டாருக்குப் பொறுக்கவில்லை. எனவே காலைதோறும் தலைமுடியை எண்ணெயிட்டு வாரி, உயர்ந்த தொப்பியும் அணிந்து, தோட்டத்துக் கொட்டிலுக்குச் சென்று புகைக்கிறார். அங்கே ஆசிரியர் ஆளும் வினைச்சொல், தமிழில் 'போனார்' எனப் போதுமான இடத்தில் 'ஏகினார்' என்று எழுதுவது போன்ற ஆடம்பரச் சொல். விண்டாம் லூயிஸ் என்னும் எழுத்தாளர் 1927இல் இச்சொல்லைச் சுட்டி, மலிவான கதைகளுக்குரிய நடை என எள்ளினார். ஐம்பதாண்டு கழித்து, 1978இல், ஹியூ கென்னர் என்னும் திறனாய்வாளர் உண்மையை விளக்கினார். அச்சொல் ஜாய்ஸின் சொல் அன்று. தம் செயலைத் தாமே விவரித்தால் சார்லஸ் மாமா விரும்பி ஆளக்கூடிய சொல். கொட்டிலுக்குச் செல்வதற்கும் தொப்பி அணியும் முதியவரின் பெருமிதம் முழுவதும் அவ்வொரு சொல்லில் அடங்கிவிட்டது. ஆசிரியர் கூற்றிலேயே பாத்திரத்தின் நாவைப் பேசவைத்த திறம் இது. அகப்பாடலைப் படிக்கும்போது கூற்று யாருடையது என்று முதலில் வினவப் பழகிய தமிழ் மாணவர்க்கு இந்நுட்பம் எளிதில் விளங்கும்.

இச்சிறு விதையே 'யுலிசி'ஸில் பெருமரமாயிற்று. 1904ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள், ஒரே நாள், ஒரே நகரம், பதினெட்டு இயல்கள். கதைத்தலைவன் லியோபோல்ட் புளூம் செய்தித்தாளுக்கு விளம்பரம் சேகரிப்பவன். காலையுணவு சமைக்கிறான், ஒரு சாவுக்குச் செல்கிறான், வேலையாக அலைகிறான், நள்ளிரவு கடந்து வீடு திரும்புகிறான். இயலுக்கு இயல் நடை மாறுகிறது. செய்தித்தாள் அலுவலகத்தில் நிகழும் இயலில் செய்தித் தலைப்புகள் குறுக்கிடுகின்றன. நள்ளிரவில் களைத்தோர் பேசும் இயலில் உரைநடையும் களைத்துத் தள்ளாடுகிறது. இறுதிக்கு முந்திய இயல் முற்றிலும் வினாவிடையாகவே அமைந்துள்ளது. புளூம் குழாயைத் திறந்து கெண்டியில் நீர் பிடிக்கிறான். விடையோ அந்நீர் புறப்பட்ட நீர்த்தேக்கத்தின் வரலாற்றையே கூறத் தொடங்கிவிடுகிறது. பாடநூல் போல் வறண்ட அந்நடையின் பின்னால் ஒரு மனிதனின் துயரம் மறைந்து கிடக்கிறது. பிறந்த பதினோராம் நாளில் மகனை இழந்தவன் அவன். அன்று மனைவியின் அன்பையும் இழந்ததாக உணர்பவன். கண்ணீரைக் கூறாமல் கணக்கைக் கூறிக் கண்ணீரை வரவழைத்தல் அரிய கலை.

இத்தகைய எளிய மனிதனை ஹோமரின் காவியத் தலைவனோடு ஒப்பவைத்தார் ஜாய்ஸ். புராணக் கதையையும் இக்கால வாழ்வையும் இணையாக நிறுத்தும் இம்முறையைப் பெருங்கண்டுபிடிப்பாகவே கருதி, கவிஞர் டி. எஸ். எலியட் 1923இல் கட்டுரை வரைந்தார். விளம்பரம் சேகரிப்பவனின் ஒரு நாளும் காவியத்திற்குத் தகுதியுடையது என்னும் துணிவு, பின்வந்தோர்க்கு வழி திறந்தது.

பின்வந்தோருள் சிறந்தவர் எவரும் அவரைப் படியெடுக்கவில்லை என்பது கருதத்தக்கது. வர்ஜீனியா வுல்ப் 'யுலிசி'ஸைத் தம் நாட்குறிப்பில் கடுமையாகக் குறைகூறினார். ஆயினும் 1925இல் தாமே இலண்டன் மாநகரின் ஒரு ஜூன் நாளைக் களமாக்கித் 'திருமதி டாலவே'யைப் படைத்தார். வில்லியம் பாக்னர் 1929இல் வெளியிட்ட 'ஓசையும் சீற்றமும்' என்னும் புதினத்தில், பேச இயலாத, அறிவு வளர்ச்சி குன்றிய ஒருவனின் உள்ளத்திற்கு உரிய மொழியை அமைத்தார். பாரிஸில் ஜாய்ஸுக்கு அணுக்கராயிருந்து உதவிய சாமுவேல் பெக்கெட், ஆசான் சொற்களைப் பெருக்கிச் சென்ற திசைக்கு நேரெதிராகச் சொற்களைக் குறைத்துச் சென்றே தம் இடத்தை அடைந்தார். அயர்லாந்துக் கவிஞர் ஷேமஸ் ஹீனி 1984இல் வெளியிட்ட நெடும்பாடலின் முடிவில் ஜாய்ஸின் ஆவி தோன்றி, பிறர் சுமையைச் சுமவாமல் தன் வழியே செல்லுமாறு கவிஞனுக்கு அறிவுறுத்துகிறது. செல்வாக்கு என்பதற்கு இதனினும் சிறந்த விளக்கம் தேவையில்லை.

ஜாய்ஸிடம் குறையே இல்லை எனல் பொருந்தாது. மகப்பேற்று மருத்துவமனையில் நிகழும் இயலில் ஆங்கில உரைநடையின் வரலாறு முழுவதையும் போலச்செய்து காட்டுகிறார். அங்கே புலமை மிகுகிறது, மாந்தர் மறைகின்றனர். பதினேழு ஆண்டுகள் உழைத்து எழுதிய 'பின்னகன்ஸ் வேக்' பல மொழிச் சொற்களைப் பிசைந்து செய்த கனவுமொழி. அதன் இசை செவிக்கு இன்பம் தரலாம். ஆயினும் யாருடைய மொழி என்று கேட்டால் ஜாய்ஸின் மொழி என்பதன்றி விடை கிடைப்பது அரிது. மாந்தர்க்கேற்ற மொழி என்னும் தம் கொள்கையை அவரே அங்குக் கைவிட்டார் என்பது எம் கருத்து.

எனவே மாணவர் எங்கே தொடங்க வேண்டும்? 'டப்ளின் மக்கள்' தொகுதியின் பதினைந்து கதைகளிலிருந்தே தொடங்குதல் வேண்டும். 'அரபி' என்னும் கதையில், நண்பனின் தமக்கைக்குப் பரிசு வாங்கச் சந்தைக்குப் புறப்படும் சிறுவன், மாமன் காலந்தாழ்த்தி வந்ததால் விளக்குகள் அணையும் வேளையில் போய்ச் சேர்கிறான். அவ்வளவே கதை. அருஞ்சொல் இல்லை, உத்தி மயக்கம் இல்லை, ஆயினும் அவ்விருளை மறக்க முடிவதில்லை. அதன்பின் துணைநூல் வேண்டுவோர்க்கு, 1950களில் கோலகங்சார் மலாய்க் கல்லூரியில் ஆசிரியராயிருந்து மலாயாவைக் களமாக்கிப் புதினங்கள் எழுதிய அந்தோணி பர்ஜஸ், ஜாய்ஸைப் பொதுவாசகர்க்கு அறிமுகம் செய்து 1965இல் வெளியிட்ட நூல் நல்வழி காட்டும்.

முற்றுப்புள்ளியை நீக்கிவிட்டால் நனவோடை ஆகிவிடும் என்று எண்ணி எழுதும் இளைஞர், ஜாய்ஸின் தொப்பியை அணிகின்றனரேயன்றி அவருடைய கண்ணைப் பெறுவதில்லை. தம் தெருவில் நடக்கும் முதியவர் ஒருவர் தம்மைப்பற்றித் தாமே எச்சொல்லால் கூறிக்கொள்வார் என்று செவிகொடுத்துக் கேட்டு, அச்சொல்லை உரிய இடத்தில் வைப்பவரே அவரிடம் கற்றவர். மாணவரின் கதைகளைத் திருத்தும் ஆசிரியரும், பாத்திரத்தின் சொல்லைப் பிழையெனச் சிவப்பு மையால் கோடிடுமுன், அது யாருடைய சொல் என்று ஒருகணம் எண்ணுவாராக.