விடுதி அறையில் வீட்டு வைஃபை: பெரில் ஏஎக்ஸ் பயண ரூட்டர்

விடுதி வைஃபையில் கைப்பேசி சிரமமில்லாமல் இணைந்துவிடுகிறது. லாகின் பக்கம் திறக்கும், அறை எண்ணோ கைப்பேசி எண்ணோ கேட்கும், ஓ.டி.பி. வரும், போட்டதும் இணையம் கிடைக்கும். அதே வைஃபையில் ஒரு ஸ்மார்ட் பிளக்கையோ கேமராவையோ சேர்த்துப் பாருங்கள். சிக்னல் முழுதாக இருக்கும், இணையம் வராது. பிளக்குக்குத் திரையும் இல்லை, பிரவுசரும் இல்லை. லாகின் பக்கத்தை அது எதில் திறக்கும்?

பொது வைஃபை தருபவர், அதைப் பயன்படுத்துவது யார் என்று அறிந்துவைத்திருக்க வேண்டும் என்பது நம் தொலைத்தொடர்புத் துறையின் விதி. அதனால் ரயில் நிலையம், விமான நிலையம், விடுதி எங்கும் ஓ.டி.பி. கேட்கிறார்கள். ஓரிரவு தங்குபவருக்கு இது பெரிய விஷயமில்லை. சிகிச்சைக்காக வேலூரிலோ சென்னையிலோ மருத்துவமனைக்குப் பக்கத்தில் வாரக்கணக்கில் அறை எடுத்துத் தங்கும் குடும்பத்துக்கும், வேலைக்காக சர்வீஸ் அபார்ட்மென்டில் மாதக்கணக்கில் இருப்பவருக்கும் இது அன்றாடத் தொல்லை. அம்மாவின் சிகிச்சைக்காக அப்படித் தங்கியிருந்தபோதுதான் ஜி.எல்.ஐநெட் நிறுவனத்தின் பெரில் ஏஎக்ஸ் என்ற பயண ரூட்டரை வாங்கினேன். அம்மா பாட்டு கேட்க ஒரு ஸ்மார்ட் ஸ்பீக்கர், படுத்தபடியே குரலால் விளக்கை அணைக்க ஒரு ஸ்மார்ட் பிளக், நான் மருந்து வாங்கப் போகும்போது அறையைப் பார்த்துக்கொள்ள ஒரு கேமரா. இந்த மூன்றும் ஓட வேண்டும். அதுதான் தேவை.

கருவி எப்படி?

சட்டைப் பையில் அடங்காது, கைப்பையில் தாராளமாக அடங்கும். எடை 200 கிராமுக்குச் சற்றுக் குறைவு. மடக்கக்கூடிய இரண்டு ஆன்டெனாக்கள், 2.5 கிகாபிட் வேன் போர்ட் ஒன்று, 1 கிகாபிட் லேன் போர்ட் ஒன்று, ஒரு யு.எஸ்.பி. 3.0 போர்ட். உள்ளே மீடியாடெக்கின் இரட்டைக் கோர் பிராசசரும் 512 எம்.பி. ரேமும் இருக்கின்றன. வைஃபை 6 தரம், 2.4 மற்றும் 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டிலும் இயங்கும். மென்பொருள் ஓப்பன்டபிள்யூஆர்டி அடிப்படையிலானது.

பேட்டரி கிடையாது. டைப்-சி வழியாக 5 வோல்ட், 3 ஆம்பியர் மின்சாரம் வேண்டும். பழைய 1 ஆம்பியர் சார்ஜரில் போட்டு, ரூட்டர் அடிக்கடி அணைகிறது என்று குறை சொல்லக் கூடாது.

வேலை செய்யும் விதம்

ஓ.டி.பி. போட்டதும் விடுதியின் நெட்வொர்க் நம் கருவியின் மேக் முகவரியை, அதாவது அதன் வைஃபை அடையாள எண்ணைக் குறித்துக்கொண்டு வழிவிடுகிறது. பயண ரூட்டர், ரிப்பீட்டர் முறையில், ஒரே ஒரு கருவியாக அந்த வைஃபையில் சேர்கிறது. ரூட்டரில் இணைந்திருக்கும் கைப்பேசியிலிருந்து நாம் லாகின் செய்தால் விடுதிக்குத் தெரிவது ரூட்டரின் முகவரிதான். அதன் பின்னால் இருக்கும் பிளக்கும் ஸ்பீக்கரும், குடும்பத்தில் ஒருவர் வரிசையில் நின்று எல்லோருக்கும் டிக்கெட் எடுத்து வருவதுபோல, அந்த ஒரே அனுமதியில் இணையத்துக்குப் போகின்றன.

இன்னொரு பயனும் உண்டு. பல விடுதிகளில் ஒரு கருவி மற்றொன்றைப் பார்க்க முடியாதபடி தடுத்துவைத்திருப்பார்கள். முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்து பயன்படுத்தும் இடத்தில் அந்தத் தடுப்பு அவசியம். ஆனால் நம் கைப்பேசியிலிருந்து நம் டிவி ஸ்டிக்குக்கே வீடியோ அனுப்ப முடியாமலும் போகிறது. ரூட்டருக்குப் பின்னால் நமக்கென்று தனி நெட்வொர்க் அமைவதால் இந்தச் சிக்கல் தீர்கிறது.

அமைப்பது

ரூட்டரின் வைஃபையில் கைப்பேசியை இணைத்து, பிரவுசரில் 192.168.8.1 என்று அடித்தால் அட்மின் பக்கம் வரும். ரிப்பீட்டர் பகுதியில் ஸ்கேன் செய்து, விடுதி வைஃபையைத் தேர்ந்தெடுத்தால் சற்று நேரத்தில் லாகின் பக்கம் தானாகத் திறக்கும். திறக்கவில்லையென்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, ரூட்டரில் வி.பி.என். ஓடுகிறதா? லாகின் முடியும்வரை அதை நிறுத்த வேண்டும். இரண்டு, டி.என்.எஸ். முகவரியை நீங்களே கொடுத்திருக்கிறீர்களா? அதைத் தானியங்கிக்கு மாற்றுங்கள். விடுதியின் டி.என்.எஸ். வழியாகத்தான் பல இடங்களில் லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிடுகிறார்கள்.

எனக்கு மிகவும் உதவிய வழி ஒன்று: வீட்டு வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே இந்த ரூட்டருக்கும் கொடுத்துவிட்டேன். வீட்டில் ஏற்கெனவே இணைந்திருந்த ஸ்பீக்கர், பிளக், கேமரா மூன்றும் அறைக்கு வந்து மின்சாரம் கொடுத்ததுமே தாமாகச் சேர்ந்துகொண்டன. ஒவ்வொன்றையும் ரீசெட் செய்து ஆப்பில் மறுபடி சேர்க்கும் வேலையே இல்லை. பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ2 என்று வையுங்கள். பழைய ஸ்மார்ட் கருவிகள் பலவற்றுக்கு டபிள்யூபிஏ3 தெரியாது.

வேகம்

விடுதி தரும் வேகத்துக்கு மேல் எந்த ரூட்டரும் தராது. வாங்குவதும் அனுப்புவதும் ஒரே அலைவரிசையில் நடந்தால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். ஆகவே விடுதி வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸில் பிடியுங்கள், ஸ்மார்ட் கருவிகளை 2.4-இல் விடுங்கள். பிளக், பல்பு பெரும்பாலானவை 2.4-இல் மட்டுமே இயங்குபவை, அவற்றுக்கு வேகமும் அதிகம் தேவையில்லை. அறையில் லேன் சாக்கெட் இருந்தால் இன்னும் நல்லது. அனுமதி கேட்டுக் கேபிளைச் செருகினால் இணைப்பு வைஃபையைவிட உறுதியாக இருக்கும்.

எங்கே இடறும்?

முதலாவது, அறைச் சாவி அட்டை. அட்டையைச் சுவர்ச் செருகியிலிருந்து எடுத்தால் அறை முழுக்க மின்சாரம் போகும் விடுதிகளில், நீங்கள் வெளியே கிளம்பியதும் ரூட்டரும் கேமராவும் சேர்ந்து அணையும். 5 வோல்ட், 3 ஆம்பியர் தரும் பவர்பேங்க் ரூட்டரைத் தாங்கும். கேமராவுக்கும் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும்.

இரண்டாவது, லாகின் காலாவதி. அனுமதி ஒன்றே என்பதால், நேரம் முடிந்ததும் எல்லாக் கருவிகளும் ஒரே நொடியில் இணையத்தை இழக்கும். புதிய ஓ.டி.பி. நம் கைப்பேசிக்கு வரும். நாம் மருந்துக்கடை வரிசையில் நின்றால், அறையில் இருப்பவர் நம்மை அழைத்துக் கேட்டுப் போட வேண்டும். ஆகவே தனியாக இருக்கும் நோயாளியின் பாதுகாப்பை இந்தக் கேமராவிடம் மட்டும் ஒப்படைக்காதீர்கள். அவர் கைக்கெட்டும் தூரத்தில் சாதாரணக் கைப்பேசி ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

மூன்றாவது, மேக் முகவரியை நகலெடுக்கும் வசதி. ஏற்கெனவே அனுமதி பெற்ற நம் கைப்பேசியின் முகவரியை ரூட்டருக்குக் கொடுக்கலாம். அப்படிச் செய்தால் கைப்பேசியை அந்த வைஃபையிலிருந்து விலக்கிவிட வேண்டும். ஒரே முகவரியில் இரண்டு கருவிகள் இருந்தால் இரண்டுமே தடுமாறும்.

பாதுகாப்பும் நியாயமும்

ரூட்டரின் ஃபயர்வால், நம் கருவிகளை விடுதியின் பிற பயனாளர்களிடமிருந்து மறைக்கிறது. இது உண்மையான நன்மை. ஆனால் கடவுச்சொல் இல்லாத விடுதி வைஃபையாக இருந்தால், ரூட்டருக்கும் விடுதிக்கும் இடைப்பட்ட தூரம் திறந்தே கிடக்கும். அதற்கு வயர்கார்டு போன்ற வி.பி.என். வேண்டும். அது இந்த ரூட்டரிலேயே இருக்கிறது.

உங்கள் ஓ.டி.பி.யில் ரூட்டருக்குப் பின்னால் யார் என்ன செய்தாலும், பதிவாவது உங்கள் எண். பக்கத்து அறைக்காரருக்குக் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். கருவிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் இடத்தில், ஒரு கட்டணத்தில் எல்லாவற்றையும் ஓட்டுவது நியாயமில்லை. ரூட்டர் கூடாது என்று சொல்லும் கல்லூரி விடுதியில் வைக்கவே வேண்டாம். ஏனென்றால் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். அறைக்கு ஒரு ரூட்டர் வந்தால் எல்லோருக்கும் இணையம் கெடும். வரவேற்பில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வைப்பதே முறை.

வாங்கலாமா?

ஓரிரு நாள் பயணத்துக்குத் தேவையில்லை. விண்டோஸ் மடிக்கணினியின் மொபைல் ஹாட்ஸ்பாட் வசதியே, வைஃபையை வாங்கிப் பிற கருவிகளுக்குப் பகிரும். சில ஆண்ட்ராய்டு கைப்பேசிகளும் இதைச் செய்கின்றன. ஓரிரு பிளக்கும் பல்பும் மட்டும் போதும் என்பவருக்கு, இதே நிறுவனத்தின் மேங்கோ என்ற சிறிய ரூட்டர் போதுமானது. 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான், ஆனால் எடை 40 கிராம் அளவே. கேமரா, டிவி, மடிக்கணினி எல்லாம் சேர்ந்து வாரக்கணக்கில் தங்கப் போகிறவருக்கு பெரில் ஏஎக்ஸை நம்பிப் பரிந்துரைக்கிறேன். வாங்கியதும் வீட்டிலேயே அமைத்து, எல்லாக் கருவிகளையும் அதில் ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மருத்துவமனை அலைச்சலுக்கு நடுவே ரூட்டர் அமைக்க யாருக்கும் நேரம் இருக்காது.