‘நல்ல படம்’, ‘நல்லா இருக்கு’: இரசிகர் தீர்ப்பின் இலக்கணமும் மொழிபெயர்ப்பும்

தமிழ்த் திரைப்படத்தின் சமூகப் பங்கினைப் பற்றிய ஆய்வுகள் குறைவல்ல. கா. சிவத்தம்பியின் 1981ஆம் ஆண்டு நூல் திரைப்படத்தை அரசியல் தொடர்புச் சாதனமாகக் கண்டது. எம்.எஸ்.எஸ். பாண்டியனின் 1992ஆம் ஆண்டு நூல் எம்.ஜி.ஆர். என்னும் பிம்பம் உருவான வகையை ஆராய்ந்தது. சாரா டிக்கி மதுரையின் எளிய மக்களிடையே களப்பணி செய்து 1993இல் தம் நூலை வெளியிட்டார். இம்மூன்றிலும் இரசிகன் இடம் பெறுகிறான். ஆனால் அவற்றின் நோக்கம் வேறு. படம் முடிந்து வெளியே வருபவனை வாயிலில் நிற்கும் நண்பன் ‘எப்படி இருக்கு?’ என்று கேட்கும்போது, அவன் எந்தச் சொல்வடிவத்தால் விடையிறுக்கிறான் என்பது மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் கேட்க வேண்டிய வினா. அவ்விடைகளைப் பண்பாடற்ற ஆரவாரம் என்றோ, எல்லாம் ஒன்றே என்றோ ஒதுக்கிவிடும் போக்கு மொழிபெயர்ப்பில் எத்தகைய இழப்புகளை விளைவிக்கிறது என்பதை இக்கட்டுரை சுட்ட முற்படுகிறது.

‘நல்ல படம்’, ‘படம் நல்லா இருக்கு’ என்னும் இரு தொடர்களை எடுத்துக்கொள்ளலாம். அகராதிப் பொருளில் இவற்றிடையே வேறுபாடு இல்லை. முன்னது பெயரடை கொண்டது. பின்னது வினையடையோடு ‘இரு’ என்னும் வினையைக் கொண்டது. வழக்கிலோ இவை ஏறத்தாழ எதிரெதிரானவை. ‘நல்ல படம்’ என்று ஒருவன் சொன்னவுடன் கேட்பவன் ‘ஆனால்’ என்ற சொல்லை எதிர்பார்க்கிறான். பெரும்பாலும் அது வந்தும் விடுகிறது: ‘நல்ல படம், ஆனா ஓடாது.’ இங்கே பெயரடை படத்தின் தகுதியைச் சொல்கிறது. சொல்பவன் அதிலிருந்து விலகி நிற்கிறான். ‘நல்லா இருக்கு’ என்பது அவ்வாறன்று. சோறு நன்றாக இருக்கிறது, காற்று நன்றாக இருக்கிறது என்பனபோல அது நுகர்ச்சியைச் சொல்லும் தொடர். அதன்பின் ‘போய்ப் பார்’ என்பது இயல்பாகத் தொடரும். ‘அவார்டு படம்’ என்னும் வழக்கு முன்னதன் தொடர்ச்சியே. மரியாதை செலுத்தி வழியனுப்பும் சொல் அது. இவ்விரண்டையும் ஆங்கிலத்தில் ஒரே பண்புச்சொல்லால் பெயர்க்கும் மொழிபெயர்ப்பாளர், ஒரு புறக்கணிப்பையும் ஓர் அழைப்பையும் ஒன்றாக்கிவிடுகிறார்.

இதனினும் நுட்பமானது ‘பார்க்கலாம்’ என்னும் விடை. ‘-லாம்’ இசைவையும் இயலுமையையும் குறிக்கும் என்பர் இலக்கண ஆசிரியர். இரசிகன் கூற்றில் அது மதிப்பீட்டுக்குரிய அளவுகோலாகவே மாறிவிட்டது. ‘தாராளமாப் பார்க்கலாம்’ என்பது உயர்ந்த படி, ‘பார்க்கலாம்’ அதற்கடுத்தது, ‘ஒரு தடவை பார்க்கலாம்’ என்பது கடைசிப் படிக்குச் சற்று மேலே நிற்பது. ‘குடும்பத்தோட பார்க்கலாம்’ என்பதோ இவ்வரிசையிலேயே சேராது. அது படத்தை அளப்பதன்று. யார் யார் அருகருகே அமர்ந்திருப்பர் என்பதை அளப்பது. தொலைக்காட்சி வீட்டின் கூடத்துக்கு வந்தபின் இத்தொடரின் ஆட்சி பெருகியது வியப்பன்று. எதிர்மறையில் இன்னொரு செய்தி உண்டு. ‘-லாம்’ என்னும் இசைவுக்கு எதிர்மறை ‘கூடாது’ என இலக்கணம் கூறும். இரசிகனோ ‘பார்க்கக் கூடாது’ என்று சொல்வது அரிது. ‘பார்க்க முடியல’ என்கிறான். விதியாகத் தொடங்கிய தீர்ப்பு எதிர்மறையில் உடல்நிலை அறிக்கையாக முடிகிறது.

இவ்வமைப்பு தமிழுக்கு மட்டும் உரியதன்று. தெலுங்கில் ‘ஒகசாரி சூடொச்சு’ என்பர். கன்னடத்தில் ‘ஒந்து சல நோடபஹுது’. மலையாளத்தில் ‘கண்டிரிக்காம்’, அதாவது பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். இந்தியில் ‘ஏக் பார் தேக் சக்தே ஹைன்’. இந்தியாவை ஒரே மொழியியற் பரப்பாகக் காணலாம் என்று எமனோ 1956இல் எழுதியபோது திரையரங்க வாயிலை நினைத்திருக்க மாட்டார். ஆயினும் அவர் கருத்துக்கு இதுவும் ஒரு சான்றாகும். இந்திய ஆங்கிலம் ‘ஒன் டைம் வாட்ச்’ என்று தனக்கென ஒரு தொடரை ஆக்கிக்கொண்டதும் இதே தேவையினாலேயே எனலாம். எனவே இந்திய மொழிகளுக்கிடையே பெயர்ப்பவருக்கு ‘-லாம்’ இடர் தருவதில்லை. இடர் வேறிடத்தில் உள்ளது. இந்தி ‘பைசா வசூல்’ என்று கொடுத்த பணம் திரும்பியதைச் சொல்கிறது. தமிழ் ‘காசு வீணில்லை’ என்று இழப்பு நேராததை மட்டுமே சொல்கிறது. ஒன்றைக் கொண்டு மற்றதைப் பெயர்த்தால் மகிழ்ச்சியின் அளவு மாறிவிடும்.

சலிப்பைக் குறிக்கும் சொற்களில் தமிழ் காட்டும் ஒழுங்கு குறிப்பிடத்தக்கது. அறுவை, ரம்பம், பிளேடு, மொக்கை ஆகிய நான்கும் ஒரே பட்டறையிலிருந்து வந்தவை. ரம்பமும் பிளேடும் அறுக்கும் கருவிகள். மொக்கை என்பது கூர் மழுங்கியது. மழுங்கிய கருவியால் மெல்ல அறுபடும் நோவே இங்குச் சலிப்பு எனப்படுகிறது. இளையோர் வழக்கில் ‘அறுவை’ பின்தங்கி ‘மொக்கை’ முன்னேறியது. சொல் மாறியும் உருவகம் மாறவில்லை. தொலைக்காட்சித் தொடருக்கு இவ்வுருவகம் பொருந்துவதில்லை. அங்கே குற்றம் ‘இழுவை’, ‘ஜவ்வா இழுக்கிறான்’. மெட்டி ஒலி (2002–2005), கோலங்கள் (2003–2009) போன்று ஆண்டுக்கணக்கில் நீளும் கதையைப் பற்றி ‘பார்க்கலாம்’ என்று தீர்ப்பளிக்க இடமில்லை. ‘பார்த்துக்கிட்டு வர்றோம்’ என்னும் தொடர்வினையே அங்கு மதிப்பீடு. ‘இழுக்கிறான்’ என்பதில் எழுவாயாக நிற்கும் ‘அவன்’ யார் என்று எவரும் கேட்பதில்லை. இயக்குநர், எழுத்தாளர், தொலைக்காட்சி நிறுவனம் அனைவரும் அந்த ஒருமைக்குள் அடங்குவர்.

படத்தின் வெற்றி தோல்வியைச் சொல்லும் வினைகள் தொழில்நுட்பத்தைவிட நெடுநாள் வாழ்கின்றன. படச்சுருளும் பெட்டியும் அரங்குகளிலிருந்து மறைந்துவிட்டன. படம் இன்னும் ‘ஓடுகிறது’, ஓடாதபோது ‘பெட்டிக்குள் போய்விடுகிறது’. 1944 தீபாவளிக்கு வெளியாகிச் சென்னை பிராட்வே அரங்கில் ஓடிய ஹரிதாஸ் ‘மூன்று தீபாவளி கண்ட படம்’ என்றே வழங்கப்படுகிறது. ‘படம் ஊத்திக்கிச்சு’ என்பதில் வரும் ‘கொள்’ என்னும் துணைவினை தற்பயன் குறிப்பது. தோல்வியைப் படம் தானே வருவித்துக்கொண்டது போன்ற தொனியை அது தருகிறது. இதற்கு நிகர் தேடுவது வீண் முயற்சி. தொனியை வேறிடத்தில் ஈடுசெய்வதே வழி.

மொழிபெயர்ப்பாளர் பெரிதும் தடுமாறும் இடம் மரியாதை விகுதி. ‘நன்றாக நடித்திருக்கிறார்’ என்பது மிதமான பாராட்டு. ‘பின்னிட்டான்’, ‘கலக்கிட்டான்’ என்பன உச்சப் பாராட்டு. வழிபாட்டுக்குரிய நடிகனும் அக்கணத்தில் ‘ஆர்’ விகுதியை இழக்கிறான். ‘கெடுத்துட்டான்’ என்னும் வசையிலும் அதே ஒருமைதான். ஆக, மரியாதை நடுநிலையில் வாழ்கிறது. அன்பும் சினமும் எல்லை கடக்கும்போது அது நீங்குகிறது. தெலுங்கின் ‘இரகதீசாடு’ இதற்கு அப்படியே ஒத்துவரும். இந்தியில் பெயர்ப்பவர் நாகரிகம் கருதி மரியாதைப் பன்மையைச் சேர்த்தால், பாராட்டு குளிர்ந்துவிடும். நடிகையரைப் பற்றிய பேச்சில் இவ்வேறுபாடு இத்துணைத் தெளிவாக அமைவதில்லை. அது தனித்து ஆராயத்தக்கது.

இவை நுண்ணியோர் பொழுதுபோக்கு அல்ல என்பதற்கு அண்மைச் சான்று உண்டு. தமிழ்ப் பட முன்னோட்டங்களுக்குப் பார்வையாளர் எழுதிய 15,744 கருத்துகளைக் கொண்ட தரவகம் ஒன்று 2020இல் வெளியானது. கணினிக்கு உணர்ச்சிப் பகுப்பாய்வு கற்பிக்கும் நோக்கில், தமிழும் ஆங்கிலமும் கலந்த அவ்வெழுத்துகள் நேர்மறை, எதிர்மறை, கலப்புணர்வு, நடுநிலை, தமிழல்லாதது என ஐந்து வகைகளில் குறிக்கப்பட்டன. முன்னோடி முயற்சி என்ற வகையில் அதன் பெருமை குறையாது. ஆயினும் ‘ஒரு தடவை பார்க்கலாம்’ எந்த வகையில் அடங்கும்? அது கலப்புணர்வும் அன்று, நடுநிலையும் அன்று. குறைந்த அளவினதாயினும் தெளிவான பரிந்துரை. ‘நல்ல படம், ஆனா ஓடாது’ என்பதில் மதிப்பு நேர்மறை, முன்கணிப்பு எதிர்மறை. இரண்டும் வெவ்வேறு பொருள்களைப் பற்றியவை. முன்னோட்டத்தைக் கண்டவர் படத்தை இன்னும் பார்க்கவில்லை என்பதால் ‘ஓடும்’ என்பது அங்கு மதிப்பீடே ஆகாது, பந்தயம் ஆகும். மதிப்பு, பரிந்துரை, முன்கணிப்பு ஆகியவற்றைத் தனித்தனியே குறித்து, வினைமுற்றின் விகுதியையும் உடன் பதிந்து வைப்பது கூடுதல் உழைப்பைக் கோரும். ‘பின்னிட்டான்’ என்பதையும் ‘நடித்திருக்கிறார்’ என்பதையும் ஒரே நேர்மறைக் கட்டத்தில் இட்டுவைத்த தரவிலிருந்து பின்னர் அவற்றைப் பிரித்தெடுப்பதைவிட அவ்வுழைப்பு எளிது.