கத்தி யார் கையில்? ஹன்னா ஹோக்கின் ஒட்டுப்படம் குறித்து

வெட்டி ஒட்டுவதில் என்ன கலை இருக்கு, சின்னப் பிள்ளைகூடச் செய்யுமே என்பவர்கள் ஒரு பக்கம். துண்டு என்றாலே கலகம், சிதறல் என்றாலே விடுதலை என்று குதிப்பவர்கள் மறுபக்கம். வெட்டியது யார், எதை என்பதை இரு தரப்பும் கேட்பதில்லை.

ஹன்னா ஹோக் 1919இல் செய்த ஒட்டுப்படத்தின் பெயரே நீளமானது: 'ஜெர்மனியின் கடைசி வைமர் பீர்த்தொப்பைப் பண்பாட்டு யுகத்தைத் தாதா என்னும் சமையலறைக் கத்தியால் வெட்டுதல்.' முதல் பார்வைக்கு ஒரே களேபரம். சக்கரங்கள், கூட்டங்கள், தலைகள், எழுத்துகள். பொறுமையாகப் பார்த்தால் பகடி புரிகிறது. மேலே, 1918இல் முடியிழந்த இரண்டாம் வில்ஹெல்ம். மீசை இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு மல்லர்கள். நடுவில் ஓவியர் கேதே கோல்விட்ஸின் தலை, ஒரு நடனக்காரியின் உடலுக்கு மேலே தனியாக மிதக்கிறது. கீழே வலது மூலையில், பெண்கள் வாக்களிக்கக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் சிறு வரைபடம். அதன் ஓரத்தில் ஹோக்கின் முகம். ஓவியர்கள் வழக்கமாகக் கையெழுத்திடும் மூலை அது. ஜெர்மானியப் பெண்கள் தேசியத் தேர்தலில் முதன்முதலாக வாக்களித்தது 1919 ஜனவரியில்.

ஹோக் 1916 முதல் பத்தாண்டுகள் உல்ஸ்டைன் பதிப்பகத்தில் பெண்கள் இதழ்களுக்குத் தையல், பின்னல் மாதிரிகள் வரைந்தவர். அந்த உலகம் அவருக்கு உள்ளிருந்தே தெரியும். படப் பத்திரிகை பெண்ணுடலைத் துண்டு துண்டாகத்தான் விற்கும்: தொப்பிக்கு ஒரு தலை, காலுறைக்கு ஒரு கால். வெட்டு தெரியாமல் விற்பது அதன் சாமர்த்தியம். அந்த வெட்டைத் தெரியவைத்ததுதான் ஹோக்கின் காரியம். ஆகவே 'முழுமை சிதைந்துவிட்டது' என்ற வாசிப்பு இங்கே செல்லாது. ஏற்கெனவே சிதைத்துவிட்டு முழுமை என்று காட்டப்பட்டதைத்தான் அவர் பிரித்துப்போடுகிறார்.

1920இல் பெர்லின் தாதா கண்காட்சியில் இவருக்கு இடம்தர குரோஸும் ஹார்ட்ஃபீல்டும் மறுத்தார்கள். நானும் விலகுவேன் என்று ரவுல் ஹவுஸ்மன் சொன்ன பிறகே இடம் கிடைத்தது. ஹான்ஸ் ரிக்டர் 1964இல் எழுதிய தாதா வரலாற்றிலும் ஹோக் நினைவுக்கு வருவது சாண்ட்விச்சும் பீரும் காபியும் ஏற்பாடு செய்தவராக. கலகக்காரர்கள் கூடிய இடத்திலும் சமையலறை பெண்ணுக்குத்தான். அங்கிருந்து எடுத்த கத்தி என்று தலைப்பிலேயே அவர் சொல்லிவைத்தது சும்மா அல்ல.

இன்று விளம்பரமும் தேர்தல் சுவரொட்டியும் வெட்டி ஒட்டித்தான் தயாராகின்றன, தடம் தெரியாமல். எனவே துண்டைக் கொண்டாடும் நண்பர்களிடம் நான் கேட்பது, ஒட்டிய தடம் தெரிகிறதா, மறைக்கப்படுகிறதா என்பதுதான். கோல்விட்ஸின் தலைக்கும் அந்த உடலுக்கும் நடுவே ஹோக் விட்ட இடைவெளியை ஒருதரம் பார்த்துவிட்டுப் பதில் சொல்லட்டும்.