ராஜேஷ்குமாருக்குப் பிறகு உ.வே.சா.

மேரு என்ற ஊரில் எனக்குத் தெரிந்த நூலகர் அக்கா ஒருவர் இருக்கிறார். ராஜேஷ்குமார் நாவலைத் திருப்பிக் கொடுக்க வருபவரிடம், "இதுவும் துப்பறியும் கதைதான், எடுத்துட்டுப் போங்க" என்று உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' நூலை நீட்டுவார். தடிமனைப் பார்த்துத் தயங்கினால், நேராக 1880-ஆம் ஆண்டுப் பகுதியைப் புரட்டிக் காட்டுவார். கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று ஐயரைக் கேட்கும் இடம் அது. வழக்கு அங்கேதான் தொடங்குகிறது. தடயம் ஏட்டுச்சுவடி, புரியாத செய்திகளுக்குச் சாட்சி உள்ளூர்ச் சமணர்கள். ஐயரின் பதிப்பாகச் சிந்தாமணி அச்சேறியது 1887-ல். தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் குடித்தபடியே முடிச்சை அவிழ்த்துவிடுவார். ஐயருக்கு ஏழு வருடம் பிடித்தது.

மர்மக் கதையையும் தன்வரலாற்றையும் ஒரே அடுக்கில் வைத்தால் நூலக வகைப்பாடு முகம் சுளிக்கும்தான். ஆனால் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-ல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பதும் ஒன்று. அக்கா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

முடிவை மட்டும் யாருக்கும் சொல்லமாட்டார். விகடனில் தொடராக வந்த 'என் சரித்திரம்', 1942-ல் ஐயர் மறைந்ததால் முற்றுப்பெறாமலே நின்றுபோனது. அதைக்கூட முன்னாலேயே சொல்லிவிடக் கூடாதாம்.