தப்புதலும் தீர்தலும்: ‘பாபநாசம்’ திரைப்படம் பற்றிய ஓர் ஆய்வு

குற்றமும் தப்புதலும் பொருளாக அமையும் கதைகளில் குற்றம் புரிந்தவன் ஊரைவிட்டு ஓடுதலே பெருவழக்கு. 2015ஆம் ஆண்டு சூலைத் திங்களில் வெளிவந்த ‘பாபநாசம்’ என்னும் திரைப்படம் இவ்வழக்கினின்றும் வேறுபடுகின்றது. அதன் தலைவனாகிய சுயம்புலிங்கம் எங்கும் ஓடவில்லை. தன் ஊரில் இருந்துகொண்டே தப்புகிறான். தப்பியவன் வினையினின்றும் நீங்கினானா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் வினா.

இப்படம் சீத்து சோசப் இயக்கிய ‘திருசியம்’ (2013) என்னும் மலையாளப் படத்தின் தமிழ் வடிவம். இதனை இயக்கியவரும் அவரே. ‘திருசியம்’ என்பது காட்சி எனப் பொருள்படும். தெலுங்கும் கன்னடமும் இந்தியும் அப்பெயரையே போற்றிக்கொண்டன. தமிழ் வடிவமோ ஊர்ப்பெயர் ஒன்றைத் தலைப்பாக்கியது. அப்பெயரின் பொருள் பாவம் அழிதல் என்பது வெளிப்படை. ‘கண்டவர் கண்டது யாது?’ என்பது மூலத் தலைப்பு எழுப்பும் வினா. ‘செய்த வினை தீர்ந்ததா?’ என்பது தமிழ்த் தலைப்பு எழுப்பும் வினா.

இவ்வினாவுக்கு நிலமே அடிப்படையாகின்றது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தே தென்காசி, குற்றாலம், பாபநாசம் ஆகிய மூன்றும் அமைந்துள்ளன. 2019இல் தென்காசி தனி மாவட்டமாகும் வரை இவை மூன்றும் நெல்லை மாவட்டத்தனவே. பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த விசுவநாதர் கோயிலால் தென்காசி, காசிக்கு ஒப்பாகப் போற்றப்படுகின்றது. குற்றாலத்தில் அருவியும் பாபநாசத்தில் தாமிரபரணியும் தீர்த்தங்களாகக் கருதப்படுகின்றன. நீராடினால் வினை தீரும் என்று நம்பும் இந்நிலத்தில், ஒரு கொலையை மறைக்கும் கதை நிகழ்கின்றது. செயமோகன் எழுதிய உரையாடலின் நெல்லை வழக்கும் கதையை இம்மண்ணோடு பிணைக்கின்றது.

தலைவன் நான்காம் வகுப்பைத் தாண்டாதவன்; கேபிள் தொலைக்காட்சித் தொழில் நடத்துபவன். தன் மகளை இழிவுபடுத்த முயன்ற இளைஞன் அவள் கையாலேயே இறந்துபடுகிறான். இறந்தவனின் தாயோ காவல்துறை உயர் அதிகாரி. முறையிட வேண்டிய இடமே பகையிடமாகிவிட்டமையால், எளியவன் திரைப்படங்களிற் கற்ற அறிவைக் கருவியாக்கிச் சான்றுகளைப் படைக்கிறான். பிணம் புதிய காவல் நிலையத்தின் தரைக்கடியிற் புதைகின்றது. சட்டம் தான் தேடும் பொருளின் மேலேயே நிற்கின்றது என்னும் இவ்வங்கதம் மூலத்திலும் உண்டு.

தமிழ் வடிவத்தின் தனித்தன்மை இறுதிக் காட்சியில் விளங்கும். மகனை இழந்த பெற்றோர்முன் தலைவன் உண்மையைக் குறிப்பாற் புலப்படுத்திக் கலங்கி அழுகிறான். மலையாள நடிகர் மோகன்லாலின் அடக்கமே சிறந்தது என்றும், கமலகாசனின் அழுகை மிகை என்றும் கூறுவர் சிலர். தலைப்பை நோக்காது கூறும் கூற்று அது என்பது எம் கருத்து. காட்சியை மட்டும் வென்றவனுக்கு அடக்கம் போதும். பாவம் தீர்தலை வேண்டுபவனுக்கு அது போதாது. 2019இல் வந்த சீன வடிவம் தலைவனைச் சரணடையச் செய்து அரசின் தண்டனையால் கதையை முடித்தது. தமிழ் வடிவம் தண்டனையும் தரவில்லை; மன்னிப்பும் தரவில்லை. சட்டத்தினின்றும் தப்பலாம், பிறர் துயரத்தினின்றும் தப்புதல் இயலாது. ஊரின் பெயர் அளிக்கும் உறுதிமொழி அவ்வூரில் வாழும் அவனுக்கு மட்டும் நிறைவேறாது நிற்கின்றது. இம்முரணே இப்படத்தின் உரிப்பொருள் எனலாம்.