பட்டாவும் தூக்கமும்

ருஷ்ய இலக்கியத்தின் பெண்களை 'நிறைவேறாத கனவுகளின் நாயகிகள்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது நம் விமர்சனத்தில் ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. கோவில்பட்டி வட்டாரத்தில் இந்தப் பழக்கத்துக்கு வயது அதிகம். செகாவை நேசித்த கு. அழகிரிசாமி பிறந்த இடைசெவல் இங்கேதான் இருக்கிறது. மாஸ்கோவில் அச்சாகி மலிவு விலையில் வந்த தமிழ்ப் புத்தகங்கள் கரிசல் ஊர்களில் கைமாறிக் கைமாறிக் கிழிந்தன. கைமாற்றிய கைகள் பெரும்பாலும் ஆண்களுடையவை. அவர்கள் ரஸ்கோல்னிகோவோடு தர்க்கம் செய்தார்கள், மேல்கோட்டைப் பறிகொடுத்த அக்காக்கிக்காகக் கலங்கினார்கள். பெண் பாத்திரங்களிடம் வந்தால் மட்டும் ஒரு பெருமூச்சோடு முடித்துக்கொண்டார்கள். அந்தக் கனவுகள் ஏன் நிறைவேறவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

1901இல் மேடையேறிய செகாவின் 'மூன்று சகோதரிகள்' நாடகத்தை எடுத்துக்கொள்வோம். ஓல்கா, மாஷா, இரினா மூவரும் மாஸ்கோ, மாஸ்கோ என்று ஏங்குகிறார்கள், போவதில்லை. செயலற்றவர்கள், சோம்பலான ஏக்கக்காரிகள் என்று அவர்களைப் பற்றி எவ்வளவோ எழுதியாயிற்று. மூன்றாம் அங்கத்தில், ஊர் தீப்பற்றி எரியும் இரவில், அண்ணன் தம்பி என்று அவர்களுக்கு இருக்கும் ஒரே ஆளான அந்திரேய் ஓர் உண்மையைச் சொல்கிறான். சூதாட்டக் கடனுக்காக வீட்டை அடகு வைத்துவிட்டான். வீடு அவனுடையது மட்டுமல்ல, நால்வருக்கும் சொந்தம். சகோதரிகளைக் கேட்காமலே வைத்தான். வந்த பணம் அவன் மனைவி நதாஷாவிடம் போய்விட்டது. பேராசிரியராக முடியாமல்போன அவனுடைய கனவுக்காக வருந்துகிறவர்கள், இந்த அடகை நாடகத்தின் ஒரு சின்னத் தகவலாகக் கடந்துவிடுகிறார்கள். மாஸ்கோ வெறும் ஏக்கம் என்றால், அங்கே போவதற்கான ரயில் கட்டணமும் வீட்டு வாடகையும் அந்த அடகுப் பத்திரத்தில்தான் இருந்தன என்பேன்.

கரிசல்காட்டுப் பெண்ணுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989இல். அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன்பே கட்டிக்கொடுக்கப்பட்ட பெண்கள் அதில் சேரவில்லை. சேர்ந்தவர்களையும் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப்போய் 'விடுதலைப் பத்திரம்' எழுதி வாங்கிக்கொள்ளும் அண்ணன்மார் இன்றும் உண்டு. பெண் தன் பங்கை விட்டுக்கொடுப்பதற்கு விடுதலை என்று பெயர் வைத்த தமிழை என்ன சொல்ல! அண்ணன் கேட்டுவிட்டால் மறுக்கவா முடியும், பிறந்த வீட்டு வாசலை மிதிக்க வேண்டாமா? அந்திரேய் கையெழுத்துகூடக் கேட்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பெண்ணின் கனவையும் வரவு செலவையும் சேர்த்து எழுதியவர் செர்னிஷெவ்ஸ்கி. 1863இல் வெளியான 'என்ன செய்ய வேண்டும்?' நாவலை அவர் சிறையில் இருந்தபடி எழுதினார். அதில் வேரா பாவ்லோவ்னா நான்கு கனவுகள் காண்கிறாள். நான்காவதில் வரும் கண்ணாடி மாளிகைதான் புகழ்பெற்றது. எனக்கு அதைவிட, தைக்கும் பெண்களே லாபத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் அவளுடைய தையல்கூடம்தான் பிடிக்கும். நாவலாக அது கொஞ்சம் வறண்டதுதான். இருக்கட்டும்.

நான் திரும்பத் திரும்பப் போவது செகாவின் 'தூக்கம்' கதைக்கு (1888). வார்க்காவுக்குப் பதின்மூன்று வயது. செருப்புத் தைப்பவன் வீட்டில் தொட்டிலாட்டும் வேலைக்காரி. அவளுக்கு மாஸ்கோவும் வேண்டாம், மாளிகையும் வேண்டாம், தூங்க வேண்டும். குழந்தையோ அழுதுகொண்டே இருக்கிறது. கண் செருகும்போது வரும் கனவில் சேறான ஒரு நெடுஞ்சாலை; மூட்டை சுமந்து போகிறவர்கள் திடீரென்று அந்தச் சேற்றிலேயே படுத்து உறங்கிப்போகிறார்கள். கவனியுங்கள், கனவிலும் மற்றவர்கள்தான் தூங்குகிறார்கள். பகலில் எஜமானின் பெரிய காலணியைத் துடைக்கும்போது அதற்குள் தலையை விட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்தால் எப்படி இருக்கும் என்று தோன்றுகிறது. காலணி வீங்கி அறையையே நிறைக்கிறது. உலக இலக்கியத்தில் இதைவிடச் சிறிய ஆசையை நான் படித்ததில்லை. இதைவிட அரசியலான ஆசையையும்தான்.

இந்தக் கதையை வகுப்பில் வைத்தபோது, அது மனநிலை பிறழ்ந்த ஒருத்தியின் கதை என்று வழக்கமான உரையை மாணவிகள் யாரும் சொல்லவில்லை. தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்த பெண்களின் மகள்கள், பேத்திகள் அங்கே இருந்தார்கள். எழுபது எண்பதுகளில் விடியுமுன்னே ஊர் ஊராக வந்து சிறுமிகளை ஏற்றிப்போன ஆலை பஸ்ஸைப் பற்றி அவர்கள் வீட்டில் கேட்டிருக்கிறார்கள். பாதித் தூக்கத்தில் ஏற்றி, இருட்டியபின் இறக்கிவிடும் பஸ். கட்டை அடுக்கும்போது கண் சொருகினால் தலையில் குட்டு விழுமாம். குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986இல் வந்தது. பஸ் நிற்க மேலும் பல காலம் ஆனது.

அக்காக்கி செத்தபின் பேயாக வந்தாவது ஒரு பெரிய அதிகாரியின் கோட்டைப் பிடுங்கிக்கொள்கிறான். கோகோல் அந்தக் குமாஸ்தாவுக்குக் கொடுத்த சலுகையைச் செகாவ் வார்க்காவுக்குக் கொடுக்கவில்லை. தன் எதிரி யார் என்று அவள் கடைசியில் கண்டுபிடிக்கிறாள்: தொட்டிலில் கிடக்கும் குழந்தை. அதைக் கொன்றுவிட்டுச் சிரித்தபடியே தரையில் சாய்ந்து உறங்கிப்போகிறாள். இரவும் பகலும் அவளை ஏவிய எஜமானும் எஜமானியும் அவள் கண்ணில் எதிரியாகப் படவே இல்லை. விமர்சகர்கள் அந்தக் கொலையில் நின்றுவிடுகிறார்கள். கதை முழுக்க வார்க்காவுக்கு விழும் ஏவல்களை வரிசையாக எழுதிப் பார்க்கச் சொன்னேன் என் மாணவிகளிடம்: அடுப்பு மூட்டு, காலணி துடை, படி கழுவு, உருளைக்கிழங்கு தோலுரி, வோட்கா வாங்கி வா, குழந்தையை ஆட்டு. ஒருத்தி எழுதி முடித்துவிட்டு, வோட்காவை மட்டும் அடித்துவிட்டு, அதன் மேல் அம்மா பெயரை எழுதியிருந்தாள்.